ஜிம்னி, ஜிப்சியோடு வெட்டவெளியில் ஓர் இரவு: கொங்கு நாட்டில் எங்கே, எப்படி?

திருப்பூரிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருக்கிறார். ஆறு பேர், மாருதியின் இரண்டு ஜிம்னி, ஒரு பழைய ஜிப்சி. சனிக்கிழமை மதியம் கிளம்பி, சத்தியமங்கலம், கடம்பூர் பக்கம் காட்டுக்குள் ஏதாவது ஓர் ஆற்றோரம் டென்ட் போட்டுத் தங்கிவிட்டு, ஞாயிறு இரவுக்குள் வீடு திரும்ப வேண்டும். வண்டி போதுமா, டயர் மாற்ற வேண்டுமா, எந்த மாதம் போகலாம்? கேள்வி வண்டியைப் பற்றியதாகத் தெரிந்தாலும் அவருடைய ஆசை வேறு என்று எனக்குப் படுகிறது. ரிசார்ட் வேண்டாம், பக்கத்து அறைச் சத்தம் வேண்டாம். தார்ச்சாலை முடிந்த பிறகும் வண்டியை நம்பிப் போய், திறந்த வானத்துக்குக் கீழே ஒரு ராத்திரி படுத்து எழ வேண்டும். கொங்கு நாட்டில் அதற்கு இடம் தாராளமாக இருக்கிறது. ஆனால் அவர் சொல்லும் இடத்தில் இல்லை. நான்கு சக்கரமும் இழுக்கும் ஃபோர் பை ஃபோர் வண்டிகளைப் பழுது பார்ப்பதும், ஓட்டச் சொல்லிக் கொடுப்பதும், கூட்டமாக அழைத்துப் போவதும் பல வருடமாக என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன். சட்டமும் வைத்தியமும் என் தொழில் அல்ல. அவை வரும் இடத்தில் அடிப்படையை மட்டும் சொல்லிவிட்டு, யாரைக் கேட்க வேண்டும் என்று காட்டுகிறேன்.

முதலில் சந்தேகமே இல்லாத விஷயம். சத்தியமங்கலம் 2013இல் புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. ஆனைமலை 2007லேயே ஆகிவிட்டது. அந்தியூர், பர்கூர் பக்கத்துக் காடு 2024இல் தந்தை பெரியார் வன உயிரினச் சரணாலயம் ஆனது. 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 27வது பிரிவு, அனுமதியில்லாமல் சரணாலயத்துக்குள் நுழைவதைத் தடுக்கிறது. 30வது பிரிவு தீ மூட்டுவதைத் தடுக்கிறது. சரணாலயம் ஆகாத காப்புக்காடாக இருந்தாலும் 1882ஆம் ஆண்டு வனச் சட்டம் இருக்கிறது. பவானிசாகர் தாண்டி மோயாற்றோரம், கடம்பூர் மலையில் மாக்கம்பாளையம் போகும் வழி, பர்கூர் மலை என்று வீடியோவில் பார்த்து ஆசைப்படும் இடங்களில் பெரும்பாலானவை இந்த எல்லைகளுக்குள்தான் வரும். அங்கே ஊர்கள் உண்டு, பேருந்து போகும் ரோடு உண்டு. பகலில் அந்த ரோட்டில் போய்வருவது ஒன்று. ரோட்டை விட்டு இறங்கி டென்ட் அடிப்பது முற்றிலும் வேறு. அப்படி அடித்தால் அபராதம், வழக்கு, வண்டி பறிமுதல் வரை போகலாம். பண்ணாரியிலிருந்து திம்பம் ஏறும் 27 கொண்டை ஊசி வளைவுப் பாதையில் 2022 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் இருக்கிறது. ஆகவே ராத்திரியில் மலையிறங்கிவிடலாம் என்ற கணக்கும் பலிக்காது. நேரத்தைச் சோதனைச்சாவடியில் கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.

சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டக் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். காய்ந்த புல் நிற்கும் மலைச்சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதனால் ஓட முடியாது. காட்டை உள்ளே போய்த்தான் பார்க்க வேண்டும் என்றால் வனத்துறை வழியாகப் போங்கள். ஆனைமலையின் டாப்சிலிப்பில் வனத்துறையே தங்க இடம் தருகிறது. 2024இல் தொடங்கிய ட்ரெக் தமிழ்நாடு திட்டத்தில் நாற்பது நடைப்பாதைகளில் ஒன்றைப் பதிவு செய்துகொண்டு வழிகாட்டியோடு போகலாம்.

அடுத்தது பலரும் சொல்லும் மாற்று யோசனை: மலையடிவாரத்தில் தெரிந்தவர் பட்டா நிலம் இருக்கிறது, அங்கே தங்கலாமே என்பது. தடாகம், மருதமலை, ஆனைகட்டி, சிறுவாணி அடிவாரம், பவானிசாகர் சுற்றுவட்டாரம் எல்லாம் இதில் வரும். சட்டப்படி தப்பில்லாமல் இருக்கலாம். நான் அழைத்துப் போக மாட்டேன். இந்த அடிவாரத் தோட்டங்களுக்குள் யானை வருவது வாடிக்கை. அங்கே குடியிருப்பவரே இருட்டிய பிறகு டார்ச் அடித்துப் பார்க்காமல் வெளியே கால் வைக்க மாட்டார். இன்றைக்கு ராத்திரி வருமா, வராதா என்று யாராலும் சொல்ல முடியாது. வாழைப்பழம், உப்பு, அரிசி வாசனைக்கு வரும் யானைக்கு நைலான் டென்ட் ஒரு தடையே இல்லை.

பிறகு எங்கே? நம் கண்ணெதிரே இருப்பதாலேயே யாரும் யோசிக்காத இடம், கொறங்காடு. காங்கேயம், வெள்ளக்கோவில், மூலனூர், தாராபுரம், அரவக்குறிச்சி வட்டாரத்தில் கிளுவை வேலி போட்டு அடைத்த மேய்ச்சல் நிலங்கள். கொழுக்கட்டைப்புல் தரையெங்கும் நிற்கும். நடுவில் அங்கங்கே குடை விரித்தாற்போல வெள்வேல மரம். காங்கேயம் மாடும் செம்மறியும் மேயும். ஊர் வெளிச்சம் எட்டாத மேட்டில் நின்றால் நான்கு பக்கமும் அடிவானம் தெரியும். விடியற்காலையில் மயில் அகவுவதில்தான் கண் விழிப்பீர்கள். திருப்பூரிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரலாம். தனியார் நிலம், உடையவர் ஒருவர் சரி என்று சொன்னால் போதும். அங்கும் ஒரு எச்சரிக்கை: சமவெளியில் தனியாக நிற்கும் சின்ன மலைகளைப் பார்த்து ஏறிவிடாதீர்கள். காங்கேயம் பக்கத்து ஊதியூர் மலை காப்புக்காடுதான். 2023இல் அங்கே சிறுத்தை ஒன்று வந்து ஆடுகளைப் பிடித்தது.

அனுமதி கேட்பதுதான் இந்தப் பயணத்தின் பாதி வேலை, அதை வாட்ஸ்அப்பில் முடிக்க நினைக்காதீர்கள். ஒரு வாரம் முந்தியே ஒருவராவது நேரில் போங்கள். காலை பால் கறந்து ஊற்றிவிட்டு ஆள் ஓய்வாக இருக்கும் நேரமாகப் பார்த்து, “அண்ணா, நாங்க திருப்பூருங்க, ஆறு பேரு, மூணு வண்டிங்க, ஒரு ராத்திரி மட்டும் உங்க காட்டுல படுத்து எந்திரிச்சுப் போயர்றமுங்க” என்று வெளிப்படையாகச் சொல்லுங்கள். வண்டி நம்பர், போன் நம்பர் எழுதிக் கொடுங்கள். அவர் முகம் சுளித்தால் அதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் சில வருடங்களாகத் தெருநாய்கள் பட்டிக்குள் புகுந்து ஆடுகளைக் கடித்துக் கொல்வது பெரிய துயரமாகி, விவசாயிகள் நிவாரணம் கேட்டுப் போராட்டம் வரை போய்விட்டார்கள். ராத்திரியில் அறிமுகமில்லாத வண்டி வெளிச்சம் தெரிந்தால் அவர் தூக்கம் போகும். அதனால் வீட்டு நாயைக் கூட்டிப் போகவே கூடாது. பாட்டுப் பெட்டியும் பாட்டிலும் வேண்டாம். வேலிக் கதவான படலைத் திறந்தால் கடைசி வண்டி நுழைந்ததும் இறங்கி முன்பிருந்தபடியே சாத்திக் கட்டுங்கள். கட்டாமல் விட்ட ஒரு படலால் அடுத்தவர் வெள்ளாமைக்குள் மாடு போய், இரண்டு குடும்பத்துக்குள் பேச்சு வார்த்தை நின்றுபோகும். பணம் கொடுப்பதா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் வாங்க மாட்டார்கள். அவர்கள் தோட்டத்துத் தேங்காயோ நெய்யோ விலை கொடுத்து வாங்கிக்கொள்வது இரு பக்கத்துக்கும் மரியாதை.

இனி வண்டி. உங்கள் மூன்று வண்டியும் தாராளமாகப் போதும். சொல்லப்போனால் பெரிய வண்டியை விட இங்கே இவைதான் சரி. காரணம் இட்டேரி. இரண்டு பக்கமும் கிளுவை வேலியும் கள்ளியும் கொடியும் அடைத்து நிற்க, நடுவில் மாட்டு வண்டி போவதற்கென்று விட்ட தடம் அது. ஜிப்சியின் அகலம் 1,540 மில்லிமீட்டர், ஜிம்னி 1,645, மஹிந்திரா தார் 1,820. இந்த ஒரு சாண் வித்தியாசம் இட்டேரிக்குள் நுழைந்த பிறகுதான் தெரியும்: ஜிப்சி உரசாமல் போகும் இடத்தில் தாரின் இரண்டு கண்ணாடியையும் மடக்க வேண்டியிருக்கும். ஜிம்னியின் எடை ஏறத்தாழ 1,200 கிலோதான். மாட்டிக்கொண்டாலும் இன்னொரு ஜிம்னியே இழுத்துவிடும். புதிதாக வாங்க நினைப்பவருக்கு இடையில் ஒரு வார்த்தை: தார் என்றாலே ஃபோர் பை ஃபோர் என்று எண்ணிவிடாதீர்கள், 2023 முதல் பின் சக்கரம் மட்டும் இழுக்கும் மாடலும் விற்கிறது.

இட்டேரிக்குள் வண்டியை விடும் முன் ஒருவர் கடைசி வரை நடந்து பார்த்து வரட்டும். உள்ளே திருப்ப இடம் கிடையாது. எதிரே மாடு ஓட்டிக்கொண்டு யாராவது வந்தால் ரிவர்ஸில் வருவது உங்கள் பொறுப்பு. அதற்கும் இடமில்லை என்றால் ஓரம் கட்டி இன்ஜினை நிறுத்திவிட்டு, மாடு கடந்து போகும்வரை அசையாமல் இருங்கள்.

ஃபோர் வீல் எப்போது போடுவது என்பதில் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். ஜிம்னி, ஜிப்சி இரண்டும் தேவைப்படும்போது மட்டும் நான்கு சக்கரத்தையும் இணைக்கும் வகை. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவில், இரண்டையும் வேறு வேறு வேகத்தில் சுற்றவிடும் டிஃபரன்ஷியல் கிடையாது. திருப்பத்தில் முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வேறு வேறு தூரம் உருள வேண்டும். மண்ணில் டயர் கொஞ்சம் வழுக்கி அதைச் சரிக்கட்டிக்கொள்ளும். தார் ரோட்டில் வழுக்காது. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்டிலும், இரண்டு அச்சுக்கும் இழுவையைப் பிரித்துக் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸிலும் ஏறும். ஸ்டீயரிங் கனக்கும், லீவர் பிடித்துக்கொண்டு திரும்பி வராது. ஆகவே தார் ரோடு முடிந்த பிறகே ஃபோர் ஹை, அதாவது சாதாரண வேகத்துக்கான நான்கு சக்கர இழுவை. ஜிம்னியில் ஓட்டத்திலேயே நேராகப் போகும்போது போட்டுக்கொள்ளலாம். மெதுவாக, அதிக இழுவையோடு போவதற்கான ஃபோர் லோவுக்கு வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் வைத்துத்தான் லீவரை இழுக்க வேண்டும். ஜிப்சியில் முன் சக்கர நடுவிலுள்ள ஹப் கையால் பூட்டும் வகையா என்பதை வீட்டிலேயே இறங்கிப் பார்த்துவிடுங்கள். லீவர் போட்டும் முன் சக்கரம் இழுக்கவில்லை என்று கொண்டுவரும் பழைய வண்டிகளில் பல சமயம் கோளாறு அந்த ஹப்பில்தான் இருக்கும்.

ஜிம்னியும் ஜிப்சியும் ஒரே பள்ளத்தைக் கடப்பது ஒன்றுபோல இருக்காது. குறுக்கு வாட்டில் ஒரு ஓடைப்பள்ளம் வந்து, முன் இடதும் பின் வலதும் அந்தரத்தில் தொங்குகிறது என்று வையுங்கள். ஜிம்னியில் சும்மா சுற்றும் சக்கரத்தை பிரேக் தானாகப் பிடித்து, தரையைத் தொட்ட சக்கரத்துக்கு இழுவையைத் தள்ளிவிடும். ஆனால் அது வேலை செய்ய ஓரிரு நொடி ஆகும், ஆக்ஸிலேட்டரும் சீராக மிதிபட்டிருக்க வேண்டும். புதியவர்கள் சக்கரம் சுற்றும் சத்தம் கேட்டதுமே பயந்து காலை எடுத்துவிடுகிறார்கள். அங்கேயே வண்டி நின்றுவிடும். காலை எடுக்காமல் அப்படியே பிடித்திருந்தால் கடகடவென்று ஒரு சத்தம் வரும், வண்டி ஊர்ந்து ஏறிவிடும். ஜிப்சியில் இந்த வசதி இல்லை. அதை ஓட்டுபவர் இறங்கிப் பார்த்து, எந்த வாக்கில் ஏறினால் சக்கரம் தூக்காது என்று பாதையைத் தேர்ந்துகொண்டு ஏற வேண்டும். அதனால் ஓட்டக் கற்றுக்கொள்ள ஜிப்சிதான் நல்ல வாத்தியார் என்பது என் கருத்து.

டயர் மாற்ற வேண்டாம். ஒரே ஒரு வார இறுதிக்காக சேற்றுக்கென்று செய்த மட் டெரெய்ன் டயர் வாங்குவது வீண். ரோட்டில் இரைச்சல், மழையில் நனைந்த தார் ரோட்டில் பிடிப்பும் குறைவு. இருக்கும் டயரில் பட்டன் (மேலுள்ள வெட்டுக்கட்டைகள்) நன்றாக இருந்தால் போதும். தேய்ந்துவிட்டால் அடுத்த முறை ரோட்டுக்கும் மண்ணுக்கும் பொதுவான ஆல் டெரெய்ன் போடுங்கள். டயரை விட முக்கியம் காற்று. சரளையிலும் மணலிலும் 30 பிஎஸ்ஐ அளவில் இருப்பதை 20க்குக் கொண்டு வாருங்கள். டயர் தட்டையாகி அதிகம் தரையைப் பிடிக்கும், குலுக்கலும் குறையும். 15க்குக் கீழே போனால் ரிம்மை விட்டு டயர் கழன்றுவிடக்கூடும். இவை என் அனுபவக் கணக்குதான். வண்டி எடை, டயர் வகையைப் பொறுத்து ஓரிரண்டு கூடும், குறையும். திரும்பத் தார் ரோடு ஏறும் முன் காற்று நிரப்பியே ஆக வேண்டும், எனவே 12 வோல்ட் கம்ப்ரசர் ஒன்று. வெள்வேல முள், சீமைக் கருவேல முள், உடைமுள் மூன்றும் கொறங்காட்டில் உண்டு, செருப்பை எளிதாகத் துளைக்கும். சில நேரம் டயரையும். டியூப்லெஸ் பஞ்சர் கிட், காற்று பார்த்த ஸ்டெப்னி, ஜாக்கிக்கு அடியில் வைக்க ஒரு கெட்டிப் பலகை போதும்.

இழுக்கும் கயிற்றில்தான் உயிர் போகும் ஆபத்து இருக்கிறது. சாதாரண டோ ரோப்பை வைத்து ஓடி வந்து வெடுக்கென்று இழுக்கக் கூடாது. கொக்கி பிய்ந்து குண்டு மாதிரி வரும். சாசியில் (வண்டியின் அடிச்சட்டத்தில்) பொருத்திய கொக்கியில் மட்டும், எடைத்தாங்கு அளவு பொறித்த ஷேக்கிள் என்ற இரும்பு வளையத்தோடு, மெதுவாக இழுங்கள். கயிற்றின் நடுவில் ஒரு ஈரச்சாக்கைப் போட்டுவிட்டு, மற்றவர்கள் கயிற்று நீளத்துக்கும் அதிகமாக விலகி நிற்கட்டும். பெரும்பாலும் இழுக்கவே தேவைப்படாது. மண்வெட்டியால் சக்கரத்துக்கு முன் மண்ணை வழித்துவிட்டாலே ஜிம்னி வெளியே வந்துவிடும். மேலே பாரம் ஏற்றாதீர்கள். ஜிம்னியின் பின் டிக்கி 208 லிட்டர்தான் என்பதால் எல்லோரும் கேரியரில் கட்டுகிறார்கள். குறுகலான, உயரமான வண்டியின் தலையில் எடை ஏறினால் சரிவில் கவிழ்ந்துவிடும். ஆறு பேருக்கு மூன்று வண்டி இருக்கிறது, பின் இருக்கையை மடக்கினால் எல்லாம் உள்ளேயே அடங்கும். பெட்ரோல் கேனும் வேண்டாம், எங்கே போனாலும் பக்கத்தில் பங்க் இருக்கிறது. முன்னால் கம்பி பம்பர் பொருத்தியிருந்தால் கழற்றிவிடுங்கள். 2017 டிசம்பரிலேயே மத்திய அரசு தடை செய்துவிட்டது.

இடத்துக்கு நான்கு மணிக்குள் சேர்ந்துவிடுங்கள், வெளிச்சத்தில் தரையைப் பார்க்க வேண்டும். புல்லுக்குள் வண்டியை ஓட்டாமல் ஏற்கெனவே இருக்கும் தடத்திலேயே நிறுத்துங்கள். ஓடைக்குள்ளும் ஆற்று மணலிலும் டென்ட் வேண்டாம்; மேற்கே எங்கோ பெய்த மழைக்கோ, அணையில் திறந்த தண்ணீருக்கோ நடு ராத்திரியில் அமராவதி ஆறு நிரம்பி வரும். தனி மரத்தடியும் இடி மழைக் காலத்தில் கூடாது. மேல்மண்ணுக்கு அடியில் கெட்டியான சுக்கான்கல் இருப்பதால் டென்ட்டோடு வரும் மெல்லிய முளைக்குச்சி வளைந்துவிடும். பட்டறையில் அரையடி இரும்புக் கம்பி வெட்டிக்கொண்டு ஒரு சுத்தியலோடு போங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து காற்று வருவது ஆடி வாக்கில்; மார்கழி, தையில் அது பெரும்பாலும் கிழக்கு, வடகிழக்கிலிருந்து வரும். மூன்று வண்டியையும் காற்று வரும் பக்கம் வரிசையாக நிறுத்தி, அந்த மறைவில் டென்ட் அடித்து, ஒரு கயிற்றைச் சக்கரத்தில் கட்டிவிடுங்கள்.

விறகு மூட்டாதீர்கள். மேய்ச்சல் புல் எரிந்துபோனால் அந்த வருட மாட்டுத்தீனி போச்சு, கிளுவை வேலி பிடித்தால் அது திரும்ப வளர வருடக்கணக்காகும். சின்ன கேஸ் அடுப்பு, சுற்றிலும் பத்தடி வெறும் தரை, பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர். ராத்திரிக்கு அரிசிம்பருப்புச் சாதம் ஒரே குக்கரில் முடிந்துவிடும், தொட்டுக்கொள்ள தயிரும் ஊறுகாயும். தண்ணீர் ஆளுக்கு ஐந்து லிட்டர் வீட்டிலிருந்தே எடுத்துப் போங்கள். அந்தப் பக்கத்து போர் தண்ணீர் பல இடத்தில் உப்பு. திருப்பூருக்குக் கீழே நொய்யலும் ஒரத்துப்பாளையம் அணையும் சாயக்கழிவு கண்டவை என்பது உங்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாத்திரம் கழுவக்கூட அதைத் தொடாதீர்கள். பிளாஸ்டிக் உறை ஒன்றுகூடக் கீழே விழக் கூடாது, உப்புச் சுவைக்கு மாடு அதை விழுங்கிவிடும்.

பாம்பைப் பற்றிக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். சுருட்டை விரியன், கண்ணாடி விரியன், நாகம், கட்டுவிரியன் நான்கும் இங்கே உண்டு. முதல் மூன்றும் மிதித்தால் கடிப்பவை: பூட்ஸும் டார்ச்சும் இருந்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கட்டுவிரியன் ராத்திரியில் தரையில் தூங்குபவரைக் கடிக்கும்; பல சமயம் வலியே இருக்காது. ஜிப் முழுக்க மூடும், அடிவிரிப்பும் சேர்த்துத் தைத்த டென்ட் மட்டும் எடுத்துப் போவது அதற்காகத்தான். அதிகாலையில் ஒருவருக்குக் காரணமில்லாமல் வயிறு வலித்து, கண் இமை தானாகக் கீழே இறங்கினால், கடிவாய் தெரியாவிட்டாலும் பாம்புக்கடி என்றே நினைத்துக்கொண்டு கிளம்புங்கள். கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், பச்சிலை தேடாதீர்கள். கடித்த கையையோ காலையோ ஆடாமல் வைத்து, 108ஐக் கூப்பிட்டுக்கொண்டே அரசு ஆஸ்பத்திரிக்கு ஓட்டுங்கள். விஷமுறிவு மருந்து இந்த நான்குக்கும் சேர்த்தே வருகிறது. பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியில் இருப்பு இருக்கிறது என்று கிளம்பும் முன் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். மற்றதை டாக்டர் சொல்லட்டும்.

மாதம். வைகாசி முதல் ஆவணி வரை வேண்டாம். ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள், தாராபுரம், உடுமலை பக்கம் காற்றாலைகள் அத்தனை நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் செம்மண் சரளைக் காடு ஓரளவு தாங்கும். குடிமங்கலம் பக்கத்துக் கரிசல் தாங்காது: டயர் பட்டனுக்குள் மண் அப்பி வழவழவென்று ஆகிவிட்டால் ஃபோர் லோ போட்டாலும் வண்டி பக்கவாட்டில் போகும், வெயில் அடித்து அரை நாள் காயும்வரை காத்திருப்பதுதான் வழி. மாசிக்கு மேல் புல் காய்ந்து தீப்பயம். மார்கழி, தை இரண்டும்தான் சரியான காலம். பகலில் இளவெயில், ராத்திரி ஒரு கம்பளிக்குக் குளிர், மழைக்குப் பிறகு தழைத்த புல். தையில் முதல் வாரத்தை மட்டும் விட்டுவிடுங்கள். பட்டிப் பொங்கலுக்கு வீட்டோடு எல்லோரும் பட்டியில் இருப்பார்கள். தோட்டத்துக்காரரே கூப்பிட்டால் ஒழிய அந்த நாளில் போய் நிற்க வேண்டாம்.